பத்து நிமிடம் காது கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் என் மகள் அறை வாசலில் வந்து நின்றாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்து நிமிடம் அவள் பேசவில்லை, நானும் துருவவில்லை. அப்புறம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அறிவுரை வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்டிருந்தால், அடுத்த முறை வாசலுக்கே வந்திருக்க மாட்டாள்.

சரி, பேசினால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. மனச்சோர்வும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் தயங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 10 உலக மனநல நாள். அன்றைய இதழில், வீட்டில் ஒருவர் பேசும்போது எப்படிக் கேட்பது என்று விரிவாக எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி