வாசகர் வட்டம் ஆண்டறிக்கை: மூடுன சுரங்கமும் நிக்காத மோட்டாரும்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் வாசிப்பார். புத்தகம் எடுத்துட்டு போனவங்க தயவுசெஞ்சு திருப்பிக் குடுங்க, அதுக்கு மேல நான் சொல்ல விரும்பல.

இந்த வருசம் சொல்லிக்கிற மாதிரி நடந்தது நிலக்கரி கூட்டம்தான். 2023 ஏப்ரல்ல நம்ம டெல்டா பக்கம் நிலக்கரி எடுக்க குறிச்சிருந்த வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு மூணையும் எதிர்ப்பு கெளம்புனதும் ஏலப் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்கல்ல, அப்பலேர்ந்தே நம்மாளுங்களுக்கு ஒரு கேள்வி, சுரங்கம் ஓடி முடிஞ்சு மூடுனப்புறம் அந்த ஊரு என்னாகும்னு. நம்ம உறுப்பினர் ஒருத்தரோட மகன் ஜெர்மனில எஸ்ஸன்ல வேல பாக்குறாரு, லீவுல வந்தவர விடாம புடிச்சு பேச வச்சோம்.

அங்க சோல்ஃபெரைன்னு ஒரு சுரங்கம், 1847ல தோண்ட ஆரம்பிச்சது. 1932ல தொறந்த 12ஆம் நம்பர் ஷாஃப்ட்ல (கரிய மேல தூக்குற செங்குத்து குழி) மட்டும் ஒரு நாளைக்கு 12,000 டன் கரி மேல வந்திருக்கு. 1986 டிசம்பர்ல மூடுனாங்க, 2001ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துருச்சு. கரி கழுவுன கட்டடம் இப்ப மியூசியம், ஆரஞ்சு கலர் எஸ்கலேட்டர்ல ஏறிப் போகணும். கரிய சுட்டு கோக் ஆக்குன அடுப்பு பக்கத்துல கப்பல் கன்டெய்னர ஒட்டவச்சு நீச்சல்குளம் கட்டியிருக்காங்க, பசங்க அந்த போட்டோவ விட்டு நகரவே இல்ல.

பெருசுங்களுக்கு புடிச்சது தண்ணி விசயம். கரிய உருவுன எடத்துல மண்ணு எறங்கி, எஸ்ஸன் இருக்குற ரூர் பகுதில சில எடம் 25 மீட்டர் வரைக்கும் பள்ளமாயிருச்சாம், மழைத்தண்ணி தானா வடியாது, பம்ப் போட்டு எறைச்சுகிட்டே இருக்கணும், நிறுத்துனா நெறைய எடம் ஏரிதான். சுரங்கத்துக்குள்ள ஊறுறத வேற தனியா எறைக்கணும், இல்லன்னா மேல ஏறி குடிதண்ணில கலந்துரும். அங்க கடைசி சுரங்கத்த 2018 டிசம்பர்ல மூடியாச்சு, மோட்டார் மட்டும் இன்னும் ஓடுது, இனிமேலும் ஓடணும். வடிகால் தூர் வாரலன்னாலே ஒரு மழைக்கு நம்ம சம்பா அழுகிப் போவுது, 25 மீட்டர்னதும் ஹால்ல ஒருத்தரும் பேசல.

அப்பறம் பின்னாடி பெஞ்சுலேர்ந்து ஒரு பெரியப்பா, "ஏந்தம்பி, கரண்ட் பில்லு யாரு கட்றா?"ன்னாரு. அன்னைக்கு கேட்டதுலயே உருப்படியான கேள்வி அதான்னு நான் நெனைக்கிறேன். இதுக்குன்னே 2007ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சு, சுரங்கக் கம்பெனி சொத்த முதலீடா போட்டு அந்த வருமானத்துல செலவு பண்றாங்களாம். "மூடுறதுக்கு முன்னாடியே காச எடுத்து வச்சாங்களா, அப்ப சரி"ன்னு உக்காந்தாரு.

நெய்வேலில பழுப்பு நிலக்கரிக்கு அடியில இருக்குற அழுத்தத் தண்ணிய எறைச்சாத்தான் தோண்டவே முடியும், அதனால அடுத்த கூட்டத்துக்கு அங்க வேல பாத்து ரிட்டயர் ஆன ஒருத்தர கூப்புடலாம்னு தீர்மானம். நாத்து நடவு முடிஞ்சு தேதி சொல்றோம். சந்தா பாக்கி வச்சிருக்கவங்க அன்னைக்காவது கொண்டாங்க.

இப்படிக்கு,
செயலாளர்