கொத்தாத நிலத்துக்கு சுண்ணாம்பு எப்படி போடுறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் ஞாயிறு பேப்பர்ல விவசாயப் பக்கம் படிச்சேன், மண்ணு புளிச்சுப் போனா, அதாவது அமிலம் ஏறிட்டா, சுண்ணாம்பு தூவி நல்லா கொத்திக் கிளறி விடுங்கன்னு போட்டிருந்தீங்க. தப்பு சொல்லல. ஆனா என்னை மாதிரி கொத்தவே கொத்தாம பயிர் வைக்கிறவங்க என்ன பண்றது, அதுக்கு ஒரு வரி கூட இல்லியே ஐயா. அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போயிடும், இடம் இல்லன்னா வெட்டிக்குங்க, நம்பரை மட்டும் மாத்திடாதீங்க.

நான் ஜொகூர் ரெங்கத்துல இருக்கேன். எஸ்டேட்ல 31 வருஷம் உரம் போட்ட கை இது, வாளிய இடுப்புல வச்சிக்கிட்டு செம்பனைய சுத்தி வட்டமா வீசிக்கிட்டே போவோம், வெள்ளையா அமோனியம் சல்பேட் கொட்டின எடத்துல புல்லு கூட சோர்ந்து போயி நிக்கும், ஏன்னு அப்ப யாரும் கேட்டதில்ல, மேஸ்திரி மண்டோர் சொன்னா வீசுவோம் அவ்ளோதான். ரிட்டையர் ஆனப்புறம் எங்க அண்ணன் விட்டுட்டுப் போன ஒன்றரை ஏக்கர்ல சோளம், பயத்தங்காய், கொஞ்சம் கடலை போடுறேன். பழைய பால்மரக் காடு, சரிவான எடம். முதல்ல சங்கூல், அதான் மண்வெட்டி, போட்டு கொத்தி தான் பண்ணினேன், ஒரு நவம்பர் மழையில பாதி செம்மண்ணு ஓடிப்போயி கீழ்வீட்டு லோங்காங் சாக்கடையில நின்னுச்சு, அந்த அம்மா ஒரு வாரம் என்கிட்ட பேசல. அன்னையிலேர்ந்து கொத்துறத நிறுத்திட்டேன். அறுத்த தட்டைய அப்படியே போட்டு மூடி, குழி மட்டும் குத்தி விதை வைக்கிறது. நாலு வருஷமாச்சு.

முதல் ரெண்டு வருஷம் சும்மா ஜம்முன்னு வந்துச்சு. மூணாவது வருஷம் சோளம் முழங்கால் உசரத்துலயே நின்னு போச்சு, இலை ஓரமெல்லாம் ஊதா கலரு, புடுங்கிப் பார்த்தா வேரு நுனி கருகி கட்டையா, பழைய பிரஷ் மாதிரி இருக்கு. கடைக்காரர்கிட்ட கேட்டேன், உரம் பத்தல இன்னும் ரெண்டு மூட்டை சல்பேட் போடுங்கம்மான்னாரு. போட்டேன். இன்னும் மோசமாச்சு! காசும் போச்சு சோளமும் போச்சு.

பேரன் சும்மா இருக்காம ஆன்லைன்ல மண்ணு புளிப்ப அளக்குற ஒரு பிஎச் மீட்டர் வாங்கி அனுப்பினான், அதை நான் முழுசா நம்பல. மண்ண எடுத்து லேப் டெஸ்டுக்கும் குடுத்தேன், எப்பவும் போல அரை அடி ஆழத்துக்கு தோண்டி கலந்து தான். பிஎச் 4.7 வந்துச்சு, நம்பர் குறைய குறைய புளிப்பு ஜாஸ்தின்னு அர்த்தம். நம்ம பக்கம் மண்ணு எல்லாம் அப்படித்தான் இருக்கும்னு ஒருத்தர் சொல்லிட்டாரு, அதுவும் பொய் இல்ல. மலேசியா மண்ணு வரைபடத்துல ரெங்கம் சீரீஸ்னு ஒரு மண் வகையே இருக்கு தெரியுமா, எங்க ஊரு பேரு தான், கிரானைட் பாறை மக்கி வந்த மண்ணு, ஆயிரக்கணக்கான வருஷமா மழை கழுவி கழுவி கால்சியம் மெக்னீசியம் எல்லாம் போயிட்ட மண்ணு. செண்டுடுக்னு ஒரு காட்டுச்செடி காடா மண்டிக் கிடக்கும்ல, சின்ன வயசுல அந்தப் பழத்த தின்னுட்டு நாக்கு கருப்பாகி அம்மாகிட்ட அடி வாங்குவோமே, அந்தச் செடி அலுமினியத்த இலையில சேத்து வச்சிக்கிட்டு ஜாலியா வளரும். சோளத்துக்கு அந்தத் தெம்பு கெடையாது.

அப்புறம் தான் விவசாய இலாகாவுல ஒரு தம்பி சொன்னாரு, அக்கா நீங்க கொத்துறதில்லன்னா மேல் ரெண்டு இன்ச்ச தனியா எடுங்க, அதுக்குக் கீழ உள்ளத தனியா எடுங்கன்னு. எடுத்தேன். கீழ 5.1. மேல 4.1! ஒரு புள்ளி தானேன்னு நினைக்காதீங்க, பிஎச் கணக்குல ஒரு புள்ளின்னா பத்து மடங்கு புளிப்பு. ரெண்டையும் கலந்து எடுத்ததால 4.7ன்னு வந்து என்னை ஏமாத்திடுச்சு.

ஏன் மேல மட்டும் புளிக்குது? உரத்த நாம மேல தான வீசுறோம். அமோனியாவா இருக்கிறத மண்ணுல உள்ள நுண்ணுயிரு நைட்ரேட்டா மாத்தும்போது அமிலம் வெளிய வருது, அப்புறம் மழை அந்த நைட்ரேட்ட கீழ இழுத்துக்கிட்டு போகும்போது கூடவே கால்சியத்தையும் கூட்டிக்கிட்டு போயிடுது. கொத்துற நிலத்துல இந்தப் புளிப்பு அரை அடிக்கு பரவி கரைஞ்சிடும், கொத்தாத நிலத்துல மேலேயே கூரை மாதிரி உக்காந்துக்கும், வேரு முளைச்சு வர்ற எடமே அதான். பிஎச் 5க்கு கீழ போச்சுன்னா மண்ணுல சும்மா கிடந்த அலுமினியம் கரைஞ்சு வேரு நுனிய கடிக்கும், பாஸ்பரஸையும் புடிச்சு வச்சிக்கும். ஊதா இலைக்கு அதான் காரணம்.

சல்பேட் தான் இதுல பெரிய வில்லன். 50 கிலோ மூட்டை ஒண்ணு போட்டா அது உண்டாக்குற புளிப்ப அடக்க சுமார் 55 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேணும், உரத்த விட சுண்ணாம்பு ஜாஸ்தி! யூரியாவும் புளிக்க வைக்கும் தான், ஆனா அதே நைட்ரஜன் கணக்குக்கு பார்த்தா சல்பேட்ல மூணுல ஒரு பங்கு. இதைக் கேட்டதும் எனக்கு 31 வருஷம் வீசின வாளியெல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. எஸ்டேட் லயத்து வீட்டுல எங்க பாட்டி விறகு அடுப்பு சாம்பல முருங்கைக்கும் கருவேப்பிலைக்கும் மட்டும் கொண்டு போயி கொட்டுவாங்க, சாம்பலும் புளிப்ப அடக்கும்ல, லேப் எல்லாம் இல்லாமயே தெரிஞ்சு வச்சிருக்காங்க பாருங்க. இப்ப கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்க போறது.

சரி சுண்ணாம்புக்கு வர்றேன். வெத்தலைக்கு தடவுற சுண்ணாம்பு இல்ல, அது சுட்டது, காரம் ஜாஸ்தி, கையும் வேரும் வெந்துடும். கல்ல அரைச்ச தூளு, நம்ம ஊர்ல ஜிஎம்எல்னு கேட்டா குடுப்பாங்க, அதுல மெக்னீசியமும் சேர்ந்து வரும். முதல் தடவ எனக்கு ஒரு கடையில குடுத்தது குருணை மாதிரி, விரல்ல நெருடுது, ரொம்ப நாள் கழிச்சு பார்த்தா அப்படியே மண்ணு மேல கெடக்கு. மாவு மாதிரி இருந்தா தான் சீக்கிரம் வேலை செய்யும், வாங்குறப்ப மூட்டைய பிரிச்சு தேச்சுப் பாருங்க, கடைக்காரர் மூஞ்ச சுளிச்சாலும் பரவால்ல.

கொத்தாத நிலத்துல மேல தூவுற சுண்ணாம்பு கீழ இறங்குறது ரொம்ப ரொம்ப மெதுவு, மழையையும் மண்ணையும் பொறுத்து வருஷத்துக்கு ஒரு விரக்கடை இறங்கினாலே பெரிசு. அதனால நாலு வருஷத்து சுண்ணாம்ப ஒரே நாள்ல கொட்டாதீங்க. கொட்டினா மேல் மண்ணு மட்டும் அளவுக்கு மீறி மாறிப்போயி துத்தநாகம், போரான், மாங்கனீஸ் இதெல்லாம் பயிருக்கு கிடைக்காம போயிடும், அதுவும் ஒரு கஷ்டம். லேப் சொன்ன அளவ பாதி பாதியா பிரிச்சு வருஷா வருஷம் தூவுறது தான் நமக்கு சரி. நல்ல விஷயம் என்னன்னா புளிப்பும் மேல, சுண்ணாம்பும் மேல, நோய் இருக்கிற எடத்துலயே மருந்து விழுது. யூரியாவோட சேத்து மட்டும் போட்டுடாதீங்க, நைட்ரஜன் அமோனியாவா காத்துல போயிடும், மூக்குக்கே தெரியும். நான் நடுவுல ஒரு மாசம் விடுறேன்.

அடி மண்ணும் புளிப்பா இருந்தா? இனிமேல் தான் கொத்தாம பண்ணப் போறேன்னு இருக்கிறவங்க, கடைசியா ஒரே ஒரு தடவ சுண்ணாம்ப போட்டு நல்லா உழுது கலந்துட்டு அப்புறம் நிறுத்துங்க. நான் அதைச் செய்யல, யாரும் சொல்லல. ஏற்கெனவே நிறுத்திட்டவங்களுக்கு ஜிப்சம் இருக்கு, அது பிஎச்ச ஏத்தாது, ஆனா கால்சியத்த கீழ கொண்டு போயி அலுமினியத்தோட வெஷத்த குறைக்கும். பிரேசில்ல இப்படித்தான் பண்றாங்களாம், அங்கயும் நம்மள மாதிரி செம்மண்ணு, 1972லயே பரானா மாநிலத்துல உழாம விதைக்க ஆரம்பிச்சிட்டாங்க. பால்மரமும் அங்கேர்ந்து வந்தது தானே, இதையும் சேத்து கத்துக்கிட்டா என்ன.

போன வருஷம் பாதி அளவு தூவினேன், சல்பேட்ட விட்டுட்டேன், சோளத்தட்டை மூடாக்கு எப்பவும் போல. இந்த தடவ மேல் மண்ணு 4.8 காட்டுது. சோளம் என் தோளுக்கு வந்துச்சு, இன்னும் முழுசா சரியாகல. இதைப் பார்த்துட்டு பக்கத்து நிலத்துக்காரர் தன்னோட அன்னாசிக்கும் நாலு மூட்டை எறக்கிட்டாரு, வேணாம்ணே அன்னாசிக்கு புளிப்பு மண்ணு தான் புடிக்கும், முதல்ல டெஸ்ட் எடுங்கன்னு கையப் புடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு.

ஐயா, மண்ண எப்படி எடுக்கணும், கொத்துற நிலத்துக்கு எவ்ளோ ஆழம், கொத்தாததுக்கு எவ்ளோ ஆழம், எத்தனை எடத்துல, இதை ஒரு படம் போட்டு தமிழ்ல அரைப் பக்கம் போடுங்க. இங்க பெருசுங்க நிறைய பேரு அதை வெட்டி செவுத்துல ஒட்டி வச்சிக்குவாங்க. என்னோட ரெண்டாவது பாதி சுண்ணாம்பு வாசல்ல தார்ப்பாய் போட்டு கிடக்கு, மழை விட்டா தூவணும்.

இப்படிக்கு,
பழைய உரக்கார அக்கா,
ரெங்கம், ஜொகூர்.