ஏழு வயதுக் குழந்தை எதை வைத்து முடிவு செய்யும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குடும்பப் பக்கக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது: “சதிக் கதைகளையும் குழந்தைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள், எது உண்மை என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.” நான்கு நாளாக இந்த வரி முள்ளாக உறுத்துகிறது. கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இருக்கும் குழந்தைக்கு ஏழு வயதுக்கு மேல் இராது. அந்தக் குழந்தை எதை வைத்து முடிவு செய்யும்?

நான் கோபமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2012 டிசம்பரில் என் மகளுக்கு ஏழு வயது. வீட்டுக்கு வந்திருந்த என் தம்பி, 21ஆம் தேதியோடு உலகம் முடியப்போகிறது என்று ஆரம்பித்தான். பழைய மத்திய அமெரிக்க மக்களான மாயர்களின் நாட்காட்டி அன்றோடு முடிகிறதாம், நிபிரு என்று ஒரு கிரகம் பூமிமேல் மோத வருகிறதாம், விஞ்ஞானிகளுக்கு எல்லாம் தெரியுமாம், மக்கள் பயப்படுவார்கள் என்று மறைக்கிறார்களாம். பெரியவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நானும் சிரித்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழுகிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சில நாள் கழித்து, அவளோடு படிக்கும் பெண்ணின் அம்மா என்னிடம் ஒரு கலர் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். என் மகளுடையது. யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த டப்பா. “உங்க பொண்ணே கொடுத்திருக்கா, திருப்பிக் கொடுத்தா வாங்க மாட்டேங்கிறா” என்றார். ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துக் கேட்டேன். “அவளுக்கு இது மேல ரொம்ப ஆசைம்மா. இன்னும் பத்து நாள்தானே இருக்கு, அதுவரைக்குமாவது வச்சுக்கட்டும்” என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தன் சாவைப் பற்றி ஒரு குழந்தை தனியாக யோசித்து, தன் பொருளை யாருக்குக் கொடுப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டிருக்கிறாள். அவளே செய்த முடிவு அதுதான், ஆசிரியர் அவர்களே.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மாயர்களின் நீண்ட நாட்காட்டியில் ஒரு சுற்று முடிந்தால் அடுத்தது தொடங்கும், டிசம்பர் முடிந்து ஜனவரி வருவதுபோல. அவ்வளவு பெரிய கிரகம் மோதும் தூரத்துக்கு வந்திருந்தால் எப்போதோ வெறும் கண்ணுக்கே தெரிந்திருக்கும். உலகம் முழுக்கத் தொலைநோக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரி வானத்தைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லார் கண்ணிலிருந்தும் அதை மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவங்களும் சேர்ந்து மறைச்சா?” என்றாள்.

22ஆம் தேதி காலையில் எழுப்பி, “பார்த்தியா, ஒண்ணும் ஆகலை” என்றேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே, “தேதியை மாத்திச் சொல்லிட்டாங்களாம்மா?” என்றாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவள் தனியாகத் தூங்கவில்லை. நாசா விளக்கம் சொன்னதோ, உலகம் அப்படியே இருந்ததோ அவளுக்கு உதவவில்லை. சதிக் கதையின் விஷமே அங்கேதான் இருக்கிறது. எதிராக எந்தச் சான்றைக் காட்டினாலும், அதுவும் சதியின் பங்கு என்று விழுங்கிக்கொள்ளும்.

பேயும் ராட்சசனும் வரும் கதையைக் கேட்டுவிட்டுக் குழந்தை பயந்தால், “கதைடா கண்ணா” என்றால் அடங்கிவிடும். ‘உன்னைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள்’ என்பதே கதையாக இருந்தால் எந்தப் பெரியவர் போய் ஆறுதல் சொல்வது? டீச்சர், டாக்டர், அம்மா என்று அது நம்பிக் கை பிடிக்கும் ஆட்களையெல்லாம் முதலிலேயே பறித்துவிடுகிறோம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றும் என்பதைக் கல்லூரி மாணவர்களை வைத்தே 1977ல் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். வளர்ந்தவர்களின் கதியே இது. சின்னக் குழந்தைக்கு ‘என்று சிலர் சொல்கிறார்கள்’ என்ற வால் மனதில் நிற்காது. கதை மட்டும் தங்கும்.

மனதில் கிடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு உங்கள் இதழில் மனிதன் நிலவுக்குப் போனானா, காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி ஆடியது என்று சந்தேகம் கிளப்பி இரண்டு பக்கம் போட்டீர்கள். மூன்றாம் வகுப்புக்கு அப்போது நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்து, “மிஸ், நீங்க சொன்னது பொய்யா?” என்று கேட்டான். அன்று ராத்திரியே உங்களுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். கொடியின் மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி வைத்திருந்தார்கள்; கம்பத்தைத் திருகி ஊன்றும்போது கொடி ஆடியது, தடுக்கக் காற்று இல்லாததால் நிற்க நேரமானது. 1969லிருந்து 1972 வரை ஆறு முறை இறங்கி, 12 பேர் நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள்மீது இன்றும் லேசர் ஒளியை அனுப்பித் திரும்பப் பெறுகிறார்கள். இதையெல்லாம் எழுதியிருந்தேன். அட்டைப்படம் நன்றாக இருந்தது என்று மரியாதைக்கு எழுதிய முதல் இரண்டு வரியை மட்டும் என் பெயரோடு பிரசுரித்தீர்கள். இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். ஆனால் அந்தப் பையனிடம், “நான் பதில் எழுதியிருக்கேன், அடுத்த இதழில் வரும் பார்” என்று சொல்லியிருந்தேன். அவன் பார்த்தான்.

இவையெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்தால், அதே 2012 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் சாண்டி ஹூக் என்ற தொடக்கப் பள்ளியில் ஒருவன் சுட்டு 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். அது நாடகம், குழந்தைகள் யாரும் சாகவில்லை என்று அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவர் வருடக்கணக்கில் தன் நிகழ்ச்சியில் பேசினார். அதை நம்பியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைத் தேடிப்போய்த் துன்புறுத்தினார்கள், மிரட்டினார்கள். 2022ல் அவர் நூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பானது. அந்தப் பெற்றோரை மிரட்டியவர்கள் குழந்தைகள் இல்லை, வளர்ந்த மனிதர்கள். அவர்களாகத்தான் முடிவு செய்தார்கள்.

தடுப்பூசிக் கதையும் அப்படித்தான். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998ல் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய ஒரு கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2010ல் திரும்பப் பெற்றது, எழுதிய டாக்டர் மருத்துவப் பதிவை இழந்தார். பள்ளியில் ஊசி போட வந்த நாளில், “அதுல என்னமோ கலக்குறாங்களாம்” என்று பெஞ்சுக்கு அடியில் ஒளிந்த குழந்தையை நான் பிடித்து இழுத்து மடியில் வைத்திருக்கிறேன். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் எதையும் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். உண்மையான சதிகளும் உலகத்தில் நடந்திருக்கின்றன, மறுக்கவில்லை. அமெரிக்காவில் டஸ்கிகி என்ற ஊரில் 1932லிருந்து 1972 வரை, சிபிலிஸ் நோய் வந்த ஏழைக் கறுப்பினத்தவருக்கு, அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் மருந்து தராமல் அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. இதைப் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். அது எப்படி வெளியே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: உள்ளேயிருந்த ஒருவர் புகார் செய்தார், பத்திரிகை வெளியிட்டது, 1997ல் அந்நாட்டு அதிபர் மன்னிப்புக் கேட்டார். ஆவணமும் சாட்சியும் இருந்தன. ‘நம்பாதே’ என்பதோடு நில்லாமல், எதை எப்படிச் சரிபார்ப்பது என்று அந்த வயதில் கற்றுக்கொடுக்க முடியும்.

சின்னக் குழந்தைக்கு அதற்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது. பூமி தட்டை என்று யாரோ சொன்னதாக ஒரு பெண் வகுப்பில் வந்து சொன்னாள். நான் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அறையை இருட்டாக்கி, டார்ச் லைட்டுக்கு முன்னால் ஒரு பந்தையும் அப்புறம் ஒரு தட்டையும் அவளையே பிடிக்கச் சொன்னேன். தட்டைத் திருப்பத் திருப்ப நிழல் முட்டை வடிவமாகி, கடைசியில் ஒரு கோடாகிவிட்டது. பந்தை எப்படித் திருப்பினாலும் வட்டம். கிரகணத்தின்போது நிலவில் விழும் பூமியின் நிழல் எப்போதும் வட்ட விளிம்போடுதான் இருக்கிறது என்று சொன்னதும், “அப்போ பந்துதான் மிஸ்” என்றாள். இதை அவள் தானாக முடிவு செய்தாள். கையில் பந்தும் தட்டும் இருந்தன. உங்கள் கட்டுரை அவற்றைக் கொடுக்காமல் முடிவை மட்டும் குழந்தை தலையில் கட்டுகிறது.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரி சிறு குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று அடுத்த இதழின் குடும்பப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். முடிந்தால், நிறுத்திவிட்ட ‘குழந்தைகள் கேள்வி’ அரைப் பக்கத்தை மாதம் ஒரு முறையாவது திரும்பக் கொண்டுவாருங்கள். பதில் எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன்.

இந்தக் கடிதத்தையும் சுருக்க வேண்டியிருக்கும். நிலவு, தடுப்பூசி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பென்சில் டப்பாவை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை