பங்கு வாசகர் சங்கம், கிருஷ்ணகிரி: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் கோலப் போட்டி, ஆகஸ்ட் 15 கொடியேற்றம், கிறிஸ்மஸ் குடில் எல்லாம் வழக்கம்போல நடந்தன. நூலகத்தில் ஒழுகிய மூலையை மழைக்கு முன்பே பூசிவிட்டோம்.

கன்னியர் சபை ஒன்றின் வரலாற்றைச் சொல்லும் நம் சிறுநூல் வேலையால் மற்றதெல்லாம் பின்தங்கியது என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் பங்கிலிருந்து மடம் சேர்ந்த பெண்கள் பலர். ஆனால் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை எங்கே தொடங்கியது என்று கேட்டால், பெரும்பாலோர் பிரான்ஸ் என்கிறார்கள். தொடங்கியது நம் ஊட்டியில்! நம் தருமபுரி மறைமாவட்டம் 1997இல் பிறந்தது. அந்தச் சபை அதற்கு 120 ஆண்டு மூத்தது.

பிரான்சின் நாந்த் நகரில் 1839இல் பிறந்த சபை நிறுவுநர் பாடுகளின் மரியா அன்னை, வேறொரு சபையின் சகோதரியாக 1865இல் மதுரைப் பக்கம் வந்தவர். அங்கே பிணக்கு முற்றியதால் 1876இல் 20 சகோதரிகள் அந்தச் சபையை விட்டு ஊட்டியில் கூடினார்கள். அன்னையும் அவர்களுள் ஒருவர். ரோமுக்குப் போய் முறையிட்டு, 1877 ஜனவரி 6 அன்று திருத்தந்தை 9ஆம் பத்திநாதரிடம் புதிய சபை தொடங்க அனுமதி பெற்றார். 1882இல்தான் அசிசி புனித பிரான்சிசைப் பின்பற்றும் பிரான்சிஸ்கன் வழிக்கு வந்தார். மறு ஆண்டே புகார்களால் சபைத் தலைவி பதவி போனது. அப்போதைய திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) விசாரிக்கச் சொன்னார். 1884இல் அன்னையையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தார்கள். 1904இல் அவர் இறந்தபோது 2,069 சகோதரிகள், 86 மடங்கள்.

நம் உறுப்பினர் ஒருவரின் அத்தை அந்தச் சபைச் சகோதரி. விடுமுறையில் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து அச்சுப்படியை வரிவரியாகப் பார்த்தார். "பிரிந்து ஓடினர்" என்று நான் எழுதியிருந்ததைப் பென்சிலால் அடித்தார். "ஓடலைம்மா, ரோமுக்கே போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தாங்க" என்றார். 1900இல் சீனாவின் தாய்யுவான் நகரில் கொல்லப்பட்டு, 2000இல் புனிதர் பட்டம் பெற்ற ஏழு சகோதரிகளின் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, ஏழு பெயரையும் மனப்பாடமாகச் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். பத்து மாத உழைப்புக்கு எனக்கு அந்த ஒரு மாலை போதும்.

ஆனால் மனவருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அச்சுப்படி திருத்த நான்கு முறை கூட்டம் போட்டோம். முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். கடைசி நாள் பொருளாளரும் நானும் மட்டும். சந்தாவும் பாதிப் பேரிடம் நிற்கிறது, சிலருக்குப் போன ஆண்டுப் பாக்கியும் சேர்த்து. வீட்டுக்கு வந்து கேட்டால் சங்கடப்படுவீர்கள் என்றுதான் வரவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்தது போக, கையிருப்பு கொஞ்சம்தான். விவரத்தைத் தணிக்கை முடிந்ததும் பலகையில் ஒட்டுவோம்.

இடம் தந்த பங்குத்தந்தைக்கும், மைக்செட் தந்த இளைஞர்களுக்கும், தேநீர் கொடுத்த மாதர் சங்கத்தாருக்கும் நன்றி.

2027 ஜனவரி 6 அன்று அந்தச் சபைக்கு 150 வயது. அதற்குள் நூல் கையில் இருக்க வேண்டும். அச்சகத்துக்கு மீதிப் பணம் கட்டினால்தான் தாள் வாங்குவார்களாம். அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பை நானே பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு தேநீர் மேசை அருகே இருப்பார்.

செயலாளர்