எங்கிருந்து எங்கே வரை அளந்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கணிதம் முதல் பேட்டரி வரை அண்மைக்கால ஆராய்ச்சி முன்னேற்றங்களைத் தொகுத்திருந்தீர்கள். எண்களில் பிழை இல்லை. ஆனால் அந்த எண்கள் எங்கே தொடங்கி எங்கே முடித்து அளக்கப்பட்டவை என்பது ஓரிடத்திலும் இல்லை. அது தெரியாத வாசகர் சில செய்திகளைத் தலைகீழாகவே புரிந்துகொள்வார்.

அணுக்கரு இணைவையே எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் கொடுத்து 3.15 மெகாஜூல் பெற்றார்கள் என்று எழுதி, 'செலவை மிஞ்சிய வரவு' என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். 2.05 என்பது 192 லேசர் கற்றைகளும் இலக்கைச் சென்றடைந்தபோது அவற்றில் இருந்த ஆற்றல். அந்த ஒளியை உண்டாக்க மின் இணைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். மின்கட்டணக் கணக்கில் சொன்னால் செலவு 83 யூனிட். வரவு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த வரவும் மின்சாரமாக வரவில்லை, பெரும்பாலும் நியூட்ரான்களின் இயக்க ஆற்றலாக வந்தது.

மீதி எங்கே போயிற்று? மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்சாரம் ஃபிளாஷ் விளக்குகளை எரிக்கிறது. அவை எல்லா நிறத்திலும் ஒளியைக் கொட்டுகின்றன. நியோடிமியம் கலந்த கண்ணாடியோ சில அலைநீளங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பெரிய இழப்பு அங்கேதான். பிறகு 1053 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் படிகங்கள் வழியே 351 நானோமீட்டர் புற ஊதாவாக மாற்றும்போது இன்னொரு இழப்பு. அந்தப் புற ஊதாக் கதிரும் எரிபொருளை நேரே தொடுவதில்லை. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீள உலோக உருளையின் உட்சுவரில் பட்டு எக்ஸ் கதிராக மாறுகிறது. அதில் ஒரு சிறு பங்கைத்தான் நடுவிலுள்ள எரிபொருள் உருண்டை வாங்கிக்கொள்கிறது.

ஆகவே எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். 2021 ஆகஸ்ட் 8 அன்று அதே ஆய்வகம் 1.3 மெகாஜூலுக்குச் சற்று மேல் பெற்றது. உருண்டை வாங்கிய ஆற்றலோடு ஒப்பிட்டால் அது ஐந்து மடங்குக்கு மேல். லேசர் ஒளியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 0.7. மின் இணைப்போடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றும் உண்மை, மூன்றும் ஒரே சோதனை.

இதைச் சிறுமைப்படுத்த எழுதவில்லை. எரிபொருளான டியூட்டிரியமும் டிரிட்டியமும் (இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள்) இணையும்போது வெளிப்படும் 17.6 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டில் 3.5 மில்லியன் ஹீலியம் கருவோடு உள்ளேயே தங்கி எரிபொருளைச் சூடாக்குகிறது. இந்தச் சூடே எரிதலைத் தொடர வைத்தது. இயற்பியலில் அது பெரிய விஷயம். ஆனால் தொகுப்பில் இன்னொன்றும் இடம்பெற்றிருக்க வேண்டும். 2021-இன் அதே வடிவமைப்பில் தொடர்ந்து செய்த முயற்சிகள் அந்த அளவை எட்டவில்லை. உருண்டையின் ஓடு வைரம். விட்டம் சுமார் இரண்டு மில்லிமீட்டர். அதன் மேற்பரப்பில் நுண்ணிய குழியோ, ஓட்டுக்குள் வெற்றிடமோ இருந்தால் நசுங்கும்போது ஓட்டின் துணுக்குகள் எரிபொருளின் மையத்துக்குள் பீறிட்டுவிடும். கனமான அணுக்கள் உள்ளே கலந்தால் வெப்பத்தை எக்ஸ் கதிராக வெளியே விட்டுவிடும், எரிதல் அணைந்துபோகும். மின்நிலையம் என்றால் இப்படிப்பட்ட வெடிப்பு நொடிக்குச் சுமார் பத்து தேவை. இங்கே நாளுக்கு ஒன்றிரண்டு நடப்பதே அரிது.

குவாண்டம் கணினிக்கு வருகிறேன். கூகுளின் 105 க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட வில்லோ சில்லு பற்றி 'சூப்பர் கணினிக்குக் கோடானுகோடி ஆண்டு, இதற்கு ஐந்து நிமிடம்' என்பதையே பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு கருவியைச் சோதிக்கவென்றே, தற்செயலாகத் தேர்ந்த செயல்களைக் க்யூபிட்டுகளில் ஓடவிட்டுப் பார்ப்பது. அதன் விடையால் யாருக்கும் பயன் இல்லை. 2024 டிசம்பரில் வெளிவந்த உண்மையான சேதி பிழைதிருத்தம். ஒரே க்யூபிட்டின் தகவலைப் பல க்யூபிட்டுகளில் பரப்பிக் காக்கும் வலையை 3×3, 5×5, 7×7 என்று பெரிதாக்க, ஒவ்வொரு படியிலும் பிழை 2.14 மடங்கு குறைந்தது. முன்பெல்லாம் க்யூபிட்டைக் கூட்டினால் பெரும்பாலும் பிழையும் கூடும். 7×7-இல் பிழையைச் சோதிக்கும் சுற்று ஒன்றுக்குப் பிழை 0.143 சதவீதம்.

இதை வைத்து வாசகரே காகிதத்தில் ஒரு கணக்குப் போடலாம். பிழையைப் பத்து லட்சத்தில் ஒன்றாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 1,430 மடங்கு குறைக்க வேண்டும். 2.14-ஐப் பத்து முறை பெருக்கினால் அதைத் தாண்டிவிடும். பத்துப் படி என்றால் 27×27 வலை. அதில் தகவலை வைக்கும் க்யூபிட் 729, அவற்றைச் சோதிக்கும் க்யூபிட் அதைவிட ஒன்று குறைவு, மொத்தம் 1,457. ஒரே ஒரு நம்பகமான க்யூபிட்டுக்கு இத்தனை! அதுவும் 2.14 என்ற விகிதம் கடைசிவரை மாறாது என்று வைத்துக்கொண்டு. எளிய வகைத் திருத்தக் குறியீட்டைக் கொண்டு அதே குழு சோதித்தபோது, பல க்யூபிட்டுகளை ஒருசேரக் கெடுக்கும் பிழை சுமார் மணிக்கு ஒன்று தலைகாட்டியது. தவிர, அளந்தது தகவலைக் கெடாமல் வைத்திருக்கும் திறனை மட்டுமே. அந்த வலைகளுக்கு இடையே கணக்கு நடத்திப் பார்க்கவில்லை.

கணிதத்தில் அளவுகோல் இல்லையே என்று தோன்றும். அங்கே எல்லைக்கோடு எண்களின் உலகம். 4×4 அணிகள் (எண்களின் சதுரக் கட்டங்கள்) இரண்டைப் பள்ளி முறையில் பெருக்க 64 பெருக்கல். ஸ்ட்ராசன் 1969-இல் கண்ட முறையை இரண்டு அடுக்காகப் போட்டால் 49. 2022-இல் கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவு நிரல் ஆல்ஃபாடென்சர் 47-க்குக் கொண்டுவந்தது என்கிறீர்கள். சரி, ஆனால் 1+1=0 ஆகும் இருநிலை எண்கணிதத்தில் மட்டும். அங்கே ஒரே உறுப்பு இரண்டு முறை வந்தால் தானே அழிந்துவிடும். சாதாரண எண்களில் அது இரட்டிப்பாகி நிற்கும், விடை கெட்டுவிடும். 2025-இல் அதே நிறுவனத்தின் ஆல்ஃபாஎவால்வ் சிக்கலெண்களுக்கு 48-இல் ஒரு வழி கண்டது. அதன் எல்லை வேறு. பெருக்கல் குறைந்தால் கணினி அதே விகிதத்தில் வேகமாகிவிடாது என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கூட்டல்கள் கூடும், நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான போக்குவரத்தே பெரும்பாலும் நேரத்தைத் தின்னும்.

என்னை மிகவும் உறுத்தியது பேட்டரிப் பத்தி. 'லித்தியம் உலோக பேட்டரி 1,000 சுழற்சி தாங்கியது' என்பதோடு முடிந்துவிடுகிறது (ஒருமுறை மின்னேற்றி இறக்குவது ஒரு சுழற்சி). ஆய்வகத்தின் காயின் செல்லில் (நாணய வடிவச் சிறு பேட்டரி) பெரும்பாலும் 250 மைக்ரோமீட்டர் தடிமன் லித்தியத் தகட்டை வைப்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் அது சுமார் 51 மில்லியாம்பியர்-மணி இருப்பு. நேர்முனை லித்தியம் கலந்த ஆக்சைடு, அதன் கொள்ளளவு 4 என்று கொள்வோம். மின்னேற்றத்தில் போகும் லித்தியத்தில் 99 சதவீதம்தான் திரும்புகிறது என்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் 0.04 தொலைகிறது. தகட்டின் இருப்பு அந்த இழப்பை 1,200 சுழற்சிக்கு மேல் மறைத்துவிடும். வரைபடம் சமதளமாக இருக்கும். விற்பனைக்கு வரக்கூடிய செல்லில் தகடு 20 மைக்ரோமீட்டர் அளவில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எடையில் கிடைக்கும் ஆதாயமே போய்விடும். அப்போது இருப்பு 4. நூறு சுழற்சியில் காலி. உபரியே இல்லாத செல் 1,000 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் கொடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் 99.98 சதவீதம் திரும்ப வேண்டும். தகட்டின் தடிமன், திரும்பும் சதவீதம், மின்பகுபொருள் எவ்வளவு ஊற்றினார்கள் என்ற மூன்றும் இல்லாத சுழற்சிக் கணக்கை அச்சேற்றாமல் இருப்பதே நல்லது.

அடுத்த இதழில் பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகையாலான சூரிய மின்கலம் என்று அறிவித்திருக்கிறீர்கள். திறன் சதவீதத்தைப் போடும்போது செல்லின் பரப்பையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழே கிடைத்த எண் பெரிய பலகையில் கிடைக்காது. அளக்கும்போது மறைப்புத் தகடு வைத்தார்களா என்று பாருங்கள். வைக்காவிட்டால் ஓரத்து ஒளியும் உள்ளே புகுந்து மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும். மின்னழுத்தத்தை மேலிருந்து கீழே இறக்கி அளந்தார்களா, கீழிருந்து மேலே ஏற்றி அளந்தார்களா என்பதையும் கேட்டு வாங்குங்கள். இந்த வகைச் செல்லில் இரண்டும் வேறு வேறு விடை தரக்கூடும். இரண்டையும் வெளியிட்டிருந்தால் இரண்டையுமே போடுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் பகுதியின் வாசகர் ஒருவர்