பயமுறுத்தினால் போதாது, அளந்து காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதின்ம வயதினருக்குச் சாலைப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது என்றாலே நொறுங்கிய வண்டியின் படம், ஓர் உறுதிமொழி, ஒரு பேரணி என்று முடிந்துவிடுகிறது. படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளிப்பது உண்மைதான். ஆனால் 'ஓட்டத் தெரியாதவன் விழுந்திருக்கிறான், நமக்கென்ன' என்ற நினைப்போடுதான் எழுந்து போகிறார்கள். வேகம் எவ்வளவு தூரத்தை விழுங்குகிறது என்பதை அவர்கள் தரையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதைக் காட்ட ஒரு மைதானம், நூறு மீட்டர் டேப், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி, ஒரு நாற்காலி, ஒரு ஸ்கேல் போதும்.

முதலில் 30 செ.மீ. ஸ்கேல். ஒருவர் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் கீழே, பூஜ்யத்துக்கு நேராக, விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் கைவிட்டதும் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. நழுவிய பிறகு பிடித்தால் 0.2 விநாடி. பசங்கள் துள்ளும் இடம் இது. துள்ளட்டும். ஸ்கேல் விழப்போகிறது என்று தெரிந்து காத்திருந்தவனின் கணக்கு அது. சாலையில் எது, எப்போது குறுக்கே வரும் என்று தெரியாது. கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, கை பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

இனி மைதானம். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை விநாடிக்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். தொடக்கக் கோட்டிலிருந்து அவ்வளவு தூரத்தையும் நடக்கச் சொல்லுங்கள். முப்பதுக்கு மேல் எட்டு வைக்க வேண்டியிருக்கும். இன்னும் பிரேக்கில் விரல் படவில்லை. புதிதாக ஓட்டுபவர் காய்ந்த சாலையில் ஓரளவு நன்றாகவே பிரேக் பிடித்தாலும் நிற்க மேலும் 28 மீட்டர் வேண்டும். ஆக 53. அங்கே நாற்காலியைப் போடுங்கள். 80 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு 33 மீட்டரும், பிறகு 50 மீட்டரும், ஆக 83.

இப்போது கேளுங்கள்: 60-இல் வந்தவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். அதே இடத்தில் ஆபத்தைப் பார்த்த 80-காரன் நாற்காலியைக் கடக்கும்போது என்ன வேகம்? வித்தியாசத்தைக் கழித்து '20' என்று சொல்லத்தான் தோன்றும். விடை 60-க்கும் மேல்! அவனுடைய 53 மீட்டரில் 33 மீட்டர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. எஞ்சியது 20. வேகம் ஏறினால் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60-இல் இருப்பதைப்போல் 80-இல் ஏறத்தாழ 1.8 மடங்கு. பிரேக்கோ மீட்டருக்கு மீட்டர் ஒரே அளவைத்தான் தின்னும். அதனால்தான் ஸ்பீடாமீட்டர் முள் முதல் சில மீட்டர்களில் சோம்பலாக இறங்கி, கடைசியில் சடாரென்று விழுகிறது. இத்தனைக்கும் கிடைத்த லாபம், எங்கும் நிற்காமல் பத்து கி.மீ. போனால்கூட, இரண்டரை நிமிடம்.

அடுத்தது பிரேக். முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் பலர் பின்பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. லேசாகிப்போன பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. ஆளில்லாத மைதானத்தில், ஹெல்மெட்டின் பட்டையைப் பூட்டி, வண்டியை நேராக வைத்து, 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்க வேண்டும். முன்பிரேக்கை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவுக்குள் புகுந்த பிறகு அல்ல, புகுமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: வழுக்கும் வண்டியை அடக்கும் சாகசப் பயிற்சி தரவேண்டாம். நார்வேயில் அதைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். இளைஞர்களுக்குத் திறமையைவிட அசட்டுத் துணிச்சல்தான் அதிகமாக வளர்ந்தது.

பின்னால் உட்காருபவருக்கும் பாடம் உண்டு. சம வயது நண்பர்கள் ஏற ஏற, ஓட்டும் பிள்ளைக்கு விபத்து அபாயம் கூடுகிறது. 'மெதுவாப் போடா', 'நிறுத்து, நான் இறங்கிக்கறேன்' என்பதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வைக்கலாம். முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒருமுறை சொல்லிப் பழகிய வாய்க்குத்தான் தேவையான நேரத்தில் சொல் வரும்.

பெற்றோருக்கு ஒன்று. நியூசிலாந்து 1987-இலேயே படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. அங்கே புதிதாக ஓட்டுபவர், அனுபவமுள்ளவர் உடன் இல்லாமல் இரவு 10 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது, நண்பர்களையும் ஏற்றக்கூடாது. லைசென்ஸ் எடுத்த பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் வீட்டில் இதே இரண்டு விதிகளை முதல் ஆண்டுக்கு எழுதி ஒட்டச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஓட்டிக்கொண்டிருப்பான் என்று தெரிந்தும் 'எங்கே இருக்கே?' என்று போன் செய்வதையும் நிறுத்துங்கள். 60-இல் போகும்போது திரையை இரண்டு விநாடி பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம்.

மேலே சொன்ன 25, 53, 33, 83 ஆகிய அளவுகளைக் கோடுகளாக வரைந்து, நாற்காலி கேள்வியோடு தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறோம். விடையை மறுநாள் இதழில் போடுங்கள். அதற்குள் வீட்டில் அப்பாவையும் கேட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளர்கள் சிலர்