போர்ட்டல் வாங்குவதற்கு முன்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டர் நிலவரம், கையிருப்பு, பில், பாக்கி எல்லாவற்றையும் வாடிக்கையாளர்கள் இணையத்திலேயே பார்த்துக்கொள்ள ஒரு போர்ட்டல் வேண்டும் என்கிறாய். அவசியம் செய். எக்செல் ஃபைலை மெயிலில் அனுப்பிக்கொண்டே இருந்தால், யாரிடம் எந்தத் தேதிக் கணக்கு இருக்கிறது என்று உனக்கே குழப்பமாகிவிடும்.

விற்க வருபவர்கள் முதலில் கலர் கலராக வரைபடங்களைத்தான் காட்டுவார்கள். அதெல்லாம் அப்புறம். ஒருவருடைய கணக்கு இன்னொருவர் கண்ணில் பட வழி இருக்கிறதா என்பதை முதலில் நீயே சோதித்துப் பார். ஒரு டெமோ கணக்கு வாங்கி, அதில் பெயருக்கு இரண்டு வாடிக்கையாளர்களைச் சேர். முதல் ஆளாக லாகின் செய்து ஒரு பில்லைத் திற. பல அமைப்புகளில் பிரவுசரின் முகவரிப் பட்டையிலேயே, கடைசியில் 1041 என்பதுபோல் பில் எண் தெரியும். அதை அழித்துவிட்டு, இரண்டாவது ஆளின் பில் எண்ணை அடித்து என்டரைத் தட்டு. அந்த பில் திறந்தால் அவர்களோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள். எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் இருக்கிற ஓட்டை என்று நினைக்காதே. மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்து அபாயங்களின் பட்டியலில் இந்த வகைக் கோளாறுதான் முதலிடம்.

திரையில் பட்டனை மட்டும் மறைத்துவைத்தால் போதாது. யார் எதைப் பார்க்கலாம் என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே வரி வரியாக அனுமதியைக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. “உங்கள் அமைப்பில் அந்தச் சரிபார்ப்பு எந்த இடத்தில் நடக்கிறது?” என்று கேள். பூசி மெழுகினால் விட்டுவிடு.

ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு ஒரே லாகின் கொடுத்துவிடாதே. பாஸ்வேர்டு ஆபீஸ் முழுக்கச் சுற்றும். ஆளுக்கொன்று கொடு. வேலையை விட்டுப் போனவரின் லாகினை அவர்களுடைய மேலாளரே நிறுத்திவிட முடிய வேண்டும். யார், எப்போது, எதை டவுன்லோட் செய்தார்கள் என்ற பதிவும் இருக்கட்டும்.

டவுன்லோட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சிஎஸ்வி ஃபைலை, அதாவது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைத்திருக்கும் வெறும் எழுத்து ஃபைலை, எக்செலில் அப்படியே திறந்தால் 00457 என்ற பொருள் குறியீடு வெறும் 457 ஆகிவிடும். உங்கள் குறியீடுகள் பூஜ்யத்தில்தானே தொடங்குகின்றன? அதனால் எக்செல் வடிவிலேயே, அந்தக் குறியீட்டை எழுத்தாக வைத்து, ஃபைலைத் தருகிறார்களா என்று பார். பெரிய வாடிக்கையாளர்கள் ஏபிஐ வழியாக, அதாவது அவர்களுடைய மென்பொருளே போர்ட்டலோடு பேசி, விவரங்களை நேரே எடுத்துக்கொள்ளக் கேட்பார்கள், அதையும் விசாரித்து வை.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு. நாளைக்கு வேறு அமைப்புக்கு மாற நேர்ந்தால் உன் டேட்டாவை எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் திருப்பித் தருவார்கள் என்பதை நானும் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்